துண்டுமரம் தூலமாகும்

அறுவை ஆலையிலிருந்து அடுப்புக்குப் போகும் மரத்தைக் கூரை தாங்கும் உத்தரமாக்க முடியும். எந்தத் துண்டு, உத்தரத்தின் எந்தப் பகுதியில், எந்த நிபந்தனையோடு என்பதுதான் கேள்வி.

மர அறுவை ஆலையின் கணக்கு வாசலிலேயே இரண்டாகப் பிரிகிறது. உள்ளே வரும் உருட்டுமரத்துக்குக் கன அடிக் கணக்கு; வெளியே போகும் மிச்சத்துக்கு எடைக் கணக்கு. உருண்ட மரத்தைச் சதுரமாக்கும்போது நாலு பக்கமும் பட்டையோடு வெளிப்பலகைகள் கழிகின்றன. ரம்பம் ஓடிய தடமெல்லாம் தூளாகிறது. அளவுக்கு வெட்டும்போது நுனித்துண்டுகள் விழுகின்றன. வெடிப்பையும் கணுவையும் விலக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. மரத்தின் பருமனையும் வளைவையும் பொறுத்து ஏறி இறங்கினாலும், ஆலைக்குள் நுழைந்த மரத்தில் ஏறக்குறைய பாதிதான் சட்டமாகவும் பலகையாகவும் வெளியே வருகிறது. மீதி செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் டீக்கடை அடுப்புக்கும், கொஞ்சம் நல்லதாக இருந்தால் பேக்கிங் பெட்டிக்கும் போகிறது. செங்கோட்டை, தூத்துக்குடி என்று மரத்தொழில் குவிந்திருக்கும் ஊர்களில் இது அன்றாட நடைமுறை. யாரும் இதை நஷ்டமாகக் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த மிச்சத்தில் ஒரு பகுதியை, அதாவது ஓரடி முதல் மூன்றடி வரை நீளமுள்ள துண்டுகளையும் வெளிப்பலகைகளையும், நுனியோடு நுனி இணைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, பாரம் தாங்கும் உத்தரமாக மாற்றலாம். உலகச் சந்தையில் ‘குளூலாம்’ என்று விற்கப்படும் இந்தப் பொருளைத் தமிழில் ஒட்டடுக்கு மரம் எனலாம். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பொதுவாக இரண்டு அணிகளாக நிற்கிறார்கள். குப்பையிலிருந்து கோபுரமே கட்டிவிடலாம் என்பது ஓர் அணி. பசை வைத்து ஒட்டிய கட்டையின் கீழே எவன் படுப்பான் என்பது இன்னோர் அணி. சான்றுகள் இரண்டுக்கும் இடையில் வேறொரு முடிவைக் காட்டுகின்றன. துண்டுமரம் உத்தரம் முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை, நிரப்பவும் கூடாது. உத்தரத்தின் நடுப்பகுதியை நிரப்பினால் போதும். அதையும் நம்பத்தக்கதாக்குவது உலர்த்தலும் தரம்பிரித்தலும் சோதனையும்தான். பசைக்கு நான்காம் இடமே.

நீளம் குறைந்தது, வலிமை குறையவில்லை

முதலில் தீர்க்க வேண்டிய சந்தேகம், கழித்துப்போட்ட மரம் பலவீனமான மரம்தானே என்பது. கழிப்பதற்கான காரணங்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். நுனித்துண்டு கழிவது அது குட்டையானது என்பதால். அதே மரத்தின் பத்தடிச் சட்டத்தில் ஓடும் நார்தான் அதிலும் ஓடுகிறது. வெளிப்பலகை கழிவது அதன் ஒருபுறம் வளைந்திருப்பதாலும், அதில் வெள்ளைப்பகுதி அதிகம் என்பதாலும். நம் ஆசாரிகள் வைரம் பாய்ந்த மரத்தைத்தான் கேட்பார்கள், வெள்ளையைத் தொடமாட்டார்கள். அதற்கு நியாயம் உண்டு. வெள்ளைப்பகுதியில் மாவுச்சத்து தங்கும். அதைத் தேடி வண்டும் பூஞ்சையும் வரும். ஆனால் இது ஆயுளைப் பற்றிய குறை. பாரம் தாங்குவதில், ஒரே ஈரப்பதத்தில் வைத்துப் பார்த்தால், வெள்ளைக்கும் வைரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பைன், தைலம் போன்ற வேகமாக வளரும் மரங்களில் நிலைமை இன்னும் தலைகீழ்: நடுத்தண்டை ஒட்டிய இளம்பகுதிதான் நலிந்தது, பட்டையை ஒட்டி வெளியே இருக்கும் முதிர்ந்த பகுதி உறுதியானது. மரத்தைச் சதுரமாக்குகிறோம் என்று சொல்லிச் செதுக்கி எறிவது பல நேரம் அந்த உறுதியான பகுதியைத்தான். இன்னொரு நன்மையும் இருக்கிறது. மருந்தேற்றும்போது வைரத்தைவிட வெள்ளைதான் மருந்தை நன்றாக உறிஞ்சும். எந்தக் குறைக்காக அது கழிக்கப்படுகிறதோ, அந்தக் குறையைப் போக்குவதும் அதில்தான் எளிது.

நீண்ட மரம் கிடைக்காத ஊரில் குட்டை மரத்தைக் கொண்டு பெரிய கூரை போடும் முயற்சி ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. பிரெஞ்சு அரசவைக் கட்டடக் கலைஞர் ஃபிலிபேர் டெ லோர்ம் 1561இல் வெளியிட்ட நூலில், குட்டைப் பலகைகளை மூட்டுகள் ஒரே இடத்தில் விழாதபடி மாற்றி மாற்றிச் சேர்த்து, மர ஆணி அறைந்து வளைவுகள் செய்யும் முறையை விளக்கினார். பெரிய மரங்கள் அரிதாகி விலை ஏறியதுதான் அதற்குக் காரணம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1783இல், பாரிஸ் தானியச் சந்தையின் சுமார் 39 மீட்டர் அகலக் குவிமாடம் இந்த முறையில் எழுந்தது. அது 1802இல் தீப்பிடித்து எரிந்தது; அடுத்த குவிமாடத்தை இரும்பில் கட்டினார்கள். மரத்தின் இடத்தை இரும்பு எப்படிப் பிடித்தது என்பதற்கு அந்த ஒரு கட்டடமே போதுமான சாட்சி.

ஆணிக்குப் பதில் பசை வந்தபோது ஆட்டம் மாறியது. ஜெர்மனியின் வைமர் நகரில் மரத்தொழில் நடத்திய ஓட்டோ ஹெட்சர், வளைத்து ஒட்டிய அடுக்கு மரத்துக்கு 1906இல் காப்புரிமை பெற்றார். பாலிலிருந்து எடுக்கும் கேசீன்தான் அவர் காலத்துப் பசை. நான்கே ஆண்டுகளில், 1910 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில், ஜெர்மன் ரயில்வே அரங்கின் 43 மீட்டர் அகலக் கூரையை அவருடைய முறை தாங்கியது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் 1930களின் நடுவில் தன் வளாகத்திலேயே ஒட்டு வளைவுகள் கொண்ட கட்டடம் ஒன்றை எழுப்பி, அதன்மேல் பாரம் ஏற்றிச் சோதித்தது. 2010இல் பிரிக்கப்படும்வரை முக்கால் நூற்றாண்டு அது நின்றது. கேசீன் பசைக்கு ஈரம் ஆகாது என்ற குறையை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரக்கப்பல்களுக்காக வளர்ந்த ரிசார்சினால் பசைகள் நீக்கின. 2019இல் நார்வேயின் ப்ரூமுண்டால் நகரில் திறக்கப்பட்ட 18 மாடிக் கட்டடம் 85 மீட்டர் உயரத்துக்கு ஒட்டடுக்கு மரத் தூண்களின் மேல் நிற்கிறது. அது தேர்ந்தெடுத்த முதல்தர மரத்தில் கட்டியது, துண்டுமரத்தில் கட்டியதல்ல. எனவே அது பசையின் மீதான நம்பிக்கைக்கு மட்டுமே சான்று. துண்டுமரத்துக்குச் சான்றை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

விரல்கள் கோத்த இடம்

இரண்டு மரத்துண்டுகளை நுனிக்கு நுனி நேராக வைத்து எவ்வளவு நல்ல பசை போட்டாலும், இழுத்தால் முழு மரத்தின் வலிமையில் கால் பங்குகூடத் தேறுவது கடினம். வெட்டுமுகத்தில் தெரிவதெல்லாம் திறந்த குழாய்வாய்கள். பசை உள்ளே உறிஞ்சப்பட்டுப் போகும், பிடிக்க நாரின் பக்கச்சுவர் இருக்காது. அதனால்தான் நுனிகளைக் கூம்புப் பற்களாகச் சீவி, இரு கை விரல்களைக் கோப்பதுபோல் ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டுகிறார்கள். தொழிலில் இதை ஃபிங்கர் ஜாயின்ட் என்பார்கள். பல்லின் சரிவான பக்கங்களில் நாரோடு நார் உரசி ஒட்டுவதால், நன்றாகச் செய்த இணைப்பு குறையற்ற மரத்தின் இழுவலிமையில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தொடுகிறது. முக்கால்தானா என்று கேட்பவர்கள், கடையில் வாங்கும் முழு உத்தரமும் குறையற்றது இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். கணு உள்ள இடத்தில் நார் வளைந்து விலகும். பெரிய கணு ஒன்று சட்டத்தின் வலிமையைப் பாதியாகக்கூடக் குறைக்கும். துண்டுமரத்தில் கணுவை வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதிகளை மட்டும் இணைக்கிறோம். மரம் தானாக வைத்த குறையை நீக்கி, அளவு தெரிந்த ஒரு குறையை அதன் இடத்தில் வைக்கிறோம். பொறியாளருக்கு இரண்டாவதுதான் கணக்குப் போட வசதியானது.

அடுக்குவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஒரே கட்டையாக அறுத்த உத்தரத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் அது உத்தரத்தின் வெடிப்பு. எட்டு அடுக்கு வைத்து ஒட்டிய உத்தரத்தில் ஒரு பலகையின் குறை அந்தப் பலகையோடு நின்றுவிடுகிறது. பக்கத்து அடுக்குகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதோடு, பத்து அங்குலக் கனமுள்ள கட்டையை நடுவரை உலர்த்துவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. ஓரங்குலப் பலகையை உலர்த்து அறையில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ ஒரே சீராகக் காயவைக்கலாம். வீடு கட்டி முடித்த பிறகு உத்தரம் முறுக்கிக்கொள்வதும் வெடிப்பதும் பெரும்பாலும் அரைகுறையாகக் காய்ந்த மரத்தின் வேலை. ஒட்டடுக்கு மரம் முதலிலேயே அந்தக் கோளாறைத் தவிர்த்துவிடுகிறது.

நடுவில் வைத்தால் என்ன?

உத்தரத்தின் மேல் பாரம் வந்து அது கீழ்நோக்கி வளையும்போது, மேல்விளிம்பு நசுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது. நடுக்கோட்டில் இரண்டும் இல்லை. விளிம்பை நெருங்க நெருங்க உழைப்பு கூடுகிறது. இதை எண்ணில் பார்க்கலாம். உத்தரத்தின் ஆழத்தை ஆறு சமபங்காக்கி, மேலே ஒரு பங்கு, கீழே ஒரு பங்கு எடுத்துக்கொள்வோம். மொத்த மரத்தில் மூன்றில் ஒரு பகுதிதான் இது. ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பில் 70 சதவீதத்தை இந்தப் பகுதியே தருகிறது. நடுவில் உள்ள நாலு பங்கு, அதாவது மூன்றில் இரண்டு பகுதி மரம், மிச்சம் 30 சதவீதத்துக்குத்தான் உழைக்கிறது. விறைப்பு ஆழத்தின் முப்படியைப் பொறுத்தது என்பதால் வரும் கணக்கு இது. மூன்றில் இரண்டின் முப்படி 27இல் 8. இன்னும் ஒரு படி போகலாம். அந்த நடுப்பகுதியில் வைத்த மரம் விளிம்பு மரத்தைப்போல் பாதி விறைப்பே உள்ளது என்று வைத்துக்கொண்டாலும், உத்தரம் முழுவதற்கும் நேரும் இழப்பு சுமார் 15 சதவீதம். ஆழத்தைக் கொஞ்சம் கூட்டினால் அது ஈடாகிவிடும்.

இது புத்தகக் கணக்கோடு நிற்கும் விஷயமும் இல்லை. ஒட்டடுக்கு மரத்துக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14080, விளிம்புகளில் உயர்தரப் பலகையும் நடுவில் தாழ்தரப் பலகையும் வைக்கும் கலப்பு அடுக்கை முறையாகவே அனுமதிக்கிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர்களும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். கனடாவில் வண்டு தாக்கிச் செத்த பைன் மரங்கள் நீலக்கறை படிந்து சந்தையில் மதிப்பிழந்து கிடந்தபோது, 2010 குளிர்கால ஒலிம்பிக்குக்காக ரிச்மண்ட் நகரில் கட்டிய பனிச்சறுக்கு அரங்கின் கூரைப் பலகங்களுக்கு அந்த மரத்தின் சாதாரணச் சட்டங்களையே பயன்படுத்தினார்கள். பெரிய வளைவுகளுக்கு மட்டும் தேர்ந்த மரம். இடித்த கட்டடங்களின் மரத்தைக் குறுக்குநெடுக்காக அடுக்கி ஒட்டிய பலகங்களை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் சோதித்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நசுங்கலைத் தாங்குவதில் அவை புதுமரத்துக்குப் பின்தங்கவில்லை. மதிப்புக் குறைந்த மரத்தை, அதன் குறை பாதிக்காத இடத்தில் வைப்பது என்பதுதான் எல்லாவற்றிலும் பொதுவான விதி.

நடுப்பகுதி சும்மா கிடக்கும் இடம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசை நடுக்கோட்டில்தான் உச்சம். சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு. தூண்மேல் உத்தரம் உட்காரும் முனைகளில் இது இன்னும் கடுமை. எனவே நடுவில் குட்டைத் துண்டு இருக்கலாம், வெள்ளை மரம் இருக்கலாம், சிறு கணுவும் இருக்கலாம். நீளவாக்கில் வெடித்த பலகையும், சரியாகப் பிடிக்காத பசைக்கோடும் இருக்கக் கூடாது.

ரப்பர் மரம் காட்டிய வழி

துண்டுமரத்தை வைத்து ஒரு தொழிலே எழுந்த உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் மரத்தில் 25, 30 ஆண்டு பால் எடுத்த பிறகு வெட்டிவிடுவார்கள். ஒரு காலத்தில் அந்த மரத்துக்கு விறகு என்பதைத் தாண்டிப் பெயரில்லை. நேரான பகுதி குட்டை, மாவுச்சத்து ஏராளம், வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துக் கருநீலமாகும், வண்டு துளைக்கும். மலேசியா 1980களில் வழிகாட்டியது. வெட்டிய கையோடு அறுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூட்டறையில் உலர்த்தி, குறைகளை வெட்டி நீக்கி, துண்டுகளைப் பற்சீவி இணைத்துப் பலகையாக்கினார்கள். பின்னர் கேரளத்திலும் அந்தத் தொழில் வேர்விட்டது. இன்று கடைகளில் ‘ரப்பர்வுட்’ என்று விற்கும் மேசையையும் கட்டிலையும் உற்றுப் பார்த்தால் சாண் சாணாக இணைத்த தடம் தெரியும். விறகு மரச்சாமானாக ஏறியது பசையால் மட்டுமல்ல. வெட்டிய நாளிலிருந்து ஒட்டும் நாள்வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு கெடு வைத்து உழைத்ததால்.

இந்த உதாரணத்தை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. மேசைப்பலகைக்குப் போடும் வெள்ளைப் பசை, ஆண்டுக்கணக்கில் பாரம் அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். கட்டிலுக்கு அது போதும், கூரைக்குப் போதாது. கூரைக்கு ஃபீனால் ரிசார்சினால், மெலமைன் யூரியா, அல்லது கட்டுமானத்துக்கென்றே சான்று பெற்ற பாலியூரித்தேன் பசைகள் வேண்டும். பல்லின் நீளமும் கூட வேண்டும்: மரச்சாமானில் சில மில்லிமீட்டர் போதும், உத்தரத்துக்கு 15, 20 மில்லிமீட்டர் தேவை. பச்சை மரத்தையும் காய்ந்த மரத்தையும் சேர்த்து ஒட்டக் கூடாது. பலகைகளின் ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். இழைத்த முகம் பழசாகிவிட்டால் பசை பிடிக்காது என்பதால், இழைத்த 24 மணி நேரத்துக்குள் ஒட்டியாக வேண்டும். மென்மரத்துக்கே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 10 கிலோ வரை அழுத்தம் தேவை. வன்மரத்துக்கு அதற்கும் மேல். மரச்சாமான் பட்டறையிலிருந்து உத்தரத் தொழிற்சாலைக்கு உள்ள தூரம் இந்தப் பட்டியலின் நீளம்தான்.

எதிர்க்கேள்விகள்

பசை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. ஜெர்மனியின் பாட் ரைஷன்ஹால் நகரில் 2006 ஜனவரி 2 அன்று பனிச்சறுக்கு அரங்கின் கூரை சரிந்து 15 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். 1970களில் கட்டிய அந்தக் கூரையின் மரப்பெட்டி உத்தரங்களை ஒட்டியது யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில். அது ஈரத்தைத் தாங்காது. பனித்தரையிலிருந்து எழுந்த ஈரம் ஆண்டுக்கணக்கில் மேலே படிந்து ஒட்டைத் தின்றது. வடிவமைப்பில் பிழை இருந்தது, பராமரிப்பும் சரியில்லை. அங்கே குறை மரத்தின் தரத்தில் இல்லை. மரம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதைவிட, பசை இடத்துக்கு ஏற்றதா, யாராவது அவ்வப்போது ஏறிப் பார்த்தார்களா என்பதே உயிர்களைக் காக்கும். கடலோரப் புழுக்கத்தில் வாழும் சென்னைக்கும் நாகைக்கும் இந்தப் பாடம் ஜெர்மனியைவிட அதிகம் தேவை. மாதிரித் துண்டுகளைத் தண்ணீரில் அமுக்கி, வெற்றிடமும் அழுத்தமும் மாற்றி மாற்றிக் கொடுத்து, உலர்த்தி, பசைக்கோடு பிரிகிறதா என்று பார்க்கும் சோதனை ஒவ்வொரு தொகுதிக்கும் நடக்காத இடத்தில் உத்தரம் செய்யவே கூடாது.

தீ அடுத்த கேள்வி. பாரிஸ் குவிமாடம் எரிந்தது உண்மை. ஆனால் அது மெல்லிய பலகைகளின் கூட்டு. கனமான ஒட்டடுக்கு உத்தரம் வெளியிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வேகத்தில் கரியாகிறது. அந்தக் கரி உள்மரத்துக்குக் கவசமாகிறது. அரை மணி நேரத் தீயில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் போகும். 200 மில்லிமீட்டர் அகல உத்தரத்தில் 158 மில்லிமீட்டர் மிஞ்சும். காப்பில்லாத இரும்பு 600 டிகிரியை நெருங்கும்போது வலிமையில் பாதியை இழந்துவிடும். இதில் ஒரு நிபந்தனை: பருமன் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. சிக்கனம் என்று சொல்லி ஒல்லியாகச் செய்தால் அது எரிபொருள்தான். கரையானுக்கும் விடை உண்டு. போரான் மருந்து கூரைக்குள் இருக்கும் மரத்தைக் காக்கும். மழையில் கரைந்து போகும் என்பதால் வெளியே உதவாது. ஆகவே துண்டுமர உத்தரத்தை மண்ணோடும் மழையோடும் சேர்க்காமல் உட்கூரையோடு நிறுத்திக்கொள்வதே இப்போதைக்கு நேர்மை.

மரக்கலப்பு இன்னும் கடினமான ஆட்சேபம். ஐரோப்பிய ஆலைக்குப் பெரும்பாலும் ஒரே வகை மரம் வருகிறது. நம் ஆலைக் குவியலில் வேம்பும் வாகையும் தேக்கும் தைலமும் இறக்குமதிப் பைனும் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஈரத்தில் விரிந்து காய்ச்சலில் சுருங்கும் அளவு வேறு. வேறு வேறு மரத்தை ஒன்றாக ஒட்டினால் பருவம் மாறும்போதெல்லாம் பசைக்கோடு இழுபடும். தேக்கில் எண்ணெய்ப்பசை, கனமான வன்மரங்களில் பசை இறங்காது. எனவே எல்லாத் துண்டும் ஒரே குவியல் என்ற பழக்கத்தில் இது நடக்காது. அறுக்கும் இடத்திலேயே மரவாரியாகப் பிரிக்க வேண்டும். தொடக்கத்தில் இறக்குமதிப் பைன், ரப்பர், மலைவேம்பு என்று ஒட்டுவதற்கு இணங்கும் இரண்டு மூன்று மரங்களோடு நிற்க வேண்டும்.

செலவுக் கணக்கிலும் ஓர் எல்லைக்கோடு உண்டு. பல் 15 மில்லிமீட்டர் என்றால் 25 சென்டிமீட்டர் துண்டில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஆறு சதவீத நீளம் பறிபோகும்; ஒரு மீட்டர் துண்டில் ஒன்றரை சதவீதம்தான். நாலு மீட்டர் அடுக்கு ஒன்றுக்கு 25 சென்டிமீட்டர் துண்டுகள் 17 வேண்டும், இணைப்புகள் 16. எட்டு அடுக்கு உத்தரத்தில் 128 இணைப்புகள். இணைப்பு கூடக் கூட அதில் ஏதோ ஒன்று சொத்தையாக இருக்கும் வாய்ப்பும் கூடும். துண்டுமரத்தை உத்தரத்தின் நடுவில் மட்டும் வையுங்கள், இழுபடும் கீழ்விளிம்புக்கு நீண்ட பலகையைப் போடுங்கள் என்பதற்கு இது இரண்டாவது காரணம். ஓரடிக்குக் குறைந்த துண்டைக் கட்டுமானத்துக்கு எடுக்காமல் மேசைப்பலகைக்கும் அட்டைப்பலகைக்கும் விட்டுவிடுவதே லாபம்.

இப்போதே விலை போகும் மிச்சத்தைப் பறித்தால் சூளைக்காரர் எதை எரிப்பார் என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒட்டடுக்குத் தொழில் மிச்சம் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. மரத்தூள், பட்டை, சிராய், தேறாத துண்டு எல்லாம் எரிபொருளாகவே இருக்கும். இழைப்பிலிருந்து புதிதாகச் சீவலும் சேரும். ஜப்பானின் மனிவா நகரில் ஒட்டடுக்கு மரம் செய்யும் மெய்க்கென் நிறுவனம் தன் சீவலை எரித்து மின்சாரம் எடுக்கிறது, மிச்சத்தைக் குருணை எரிபொருளாக விற்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். ஒரு டன்னை எரித்தால் சுமார் 1.8 டன் கரியமில வாயு. அது இன்று மாலையே வெளியேறுவதா, ஐம்பது ஆண்டு கூரையில் இருந்துவிட்டுப் பிறகு வெளியேறுவதா என்பதில்தான் வித்தியாசம். எரிப்பது என்றைக்கும் முடியும். முதலில் எரித்துவிட்டுப் பிறகு உத்தரம் செய்ய முடியாது.

எங்கிருந்து தொடங்குவது?

நீண்டு பருத்த மரம் இனி சுலபமாகக் கிடைக்காது என்பதற்கான அறிகுறிகள் தெளிவு. காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவு, மத்திய அரசின் முன் அனுமதியில்லாமல் காட்டுக்குள் இயங்கிய அறுவை ஆலைகளுக்குக் கதவை மூடியது. செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூண் தந்த பர்மா தேக்கின் உருட்டுமர ஏற்றுமதியை மியான்மர் 2014 ஏப்ரலில் நிறுத்தியது. இனி கிடைக்கப்போவது பெரும்பாலும் விவசாய நிலங்களில் சில ஆண்டுகளில் வெட்டும் மெல்லிய மரம். ஆலைகளைப் பெருக்க முடியாத, மரமும் மெலிந்துபோன நிலையில், உள்ளே வந்த மரத்திலிருந்து எடுப்பதைக் கூட்டுவதுதான் வளர எஞ்சியிருக்கும் வழி. அரசுத் தடையும் தளர்ந்திருக்கிறது. 1993இல் கட்டுமானத்தில் மரத்தை விலக்கிய மத்தியப் பொதுப்பணித் துறை, 2020இல் அந்தத் தடையை நீக்கியது. தேசியக் கட்டட நெறிமுறையின் மரப்பகுதியில் ஒட்டடுக்கு மரமும் இடம்பெற்றிருக்கிறது. கட்டுமானப் பசைக்கு ஐஎஸ் 9188 இருக்கிறது. பெங்களூருவில் மர அறிவியல் ஆய்வு நிறுவனமும், மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரியும் இருக்கின்றன.

இல்லாதது இவற்றை அறுவை ஆலையோடு சேர்க்கும் கண்ணி. ஒரு சிறு ஆலையால் உலர்த்து அறையும் சோதனைக்கூடமும் தனியே வைத்துக்கொள்ள முடியாது. ஒரு நாள் துண்டு ஓர் உத்தரத்துக்கே போதாது. ஆலைகள் குவிந்த ஊரில் பொதுவாக ஓர் உலர்த்தகமும் தரம்பிரிப்புக் களமும் அமைத்து, ஆலைகள் மரவாரியாகப் பிரித்த துண்டைக் கன அடிக் கணக்கிலேயே அங்கே விற்கும் ஏற்பாடு வேண்டும். எடைக்குப் போட்ட துண்டுக்குக் கன அடி விலை வந்தாலொழிய எந்த ஆலையும் பிரித்து வைக்காது. முதல் கட்டத்தில் கதவுநிலை, ஜன்னல் சட்டம், படிக்கட்டுப் பலகை என்று, உடைந்தால் உயிர் போகாத பொருட்களில் கை பழக வேண்டும். இரண்டாம் கட்டத்தில் நாலைந்து மீட்டர் அகலக் கூரைகளுக்கு, விளிம்பில் முழுமரமும் நடுவில் துண்டுமரமுமாக உத்தரம் செய்யலாம். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை ஒடியும்வரை பாரமேற்றிப் பார்த்து, அந்த எண்களைப் பொறியாளர்களுக்குத் திறந்து வைக்க வேண்டும். பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் அந்த உத்தரம் ஒரு வரியாக ஏறும் நாளில்தான் இது தொழிலாகும். அதுவரை கண்காட்சிப் பொருள்.

இதில் முதலீடு செய்ய வருகிறவர்கள் வழக்கமாக முதலில் வாங்குவது அழுத்து இயந்திரத்தையும் பற்சீவும் இயந்திரத்தையும். புகைப்படத்தில் அவைதான் அழகாக விழும். மேலே சொன்ன சான்றுகள் எல்லாம் சுட்டுவது வேறு வரிசையை. முதல் பணம் உலர்த்து அறைக்கு. இரண்டாவது, ஈரமும் கணுவும் பார்த்துப் பலகையைப் பிரிக்கத் தெரிந்த ஆட்களுக்கு. மூன்றாவது, ஒட்டைப் பிரித்துப் பார்க்கும் சோதனை மேசைக்கு. இந்த மூன்றும் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகு அழுத்து இயந்திரத்தை வாங்கினால், துண்டுமரம் தூலமாகும். வரிசையை மாற்றினால், விறகாகவே போயிருக்கலாமே என்று பிற்பாடு வருந்த நேரும்.